பழஞ்செருப்பில் மணித்தையல்

தமிழர் இல்லங்களில் செருப்புக்கு உரிய இடம் வாயிற்படிக்கு வெளியே என்பது யாவரும் அறிந்ததே. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும், எவ்வளவு தூய்மையாகத் துடைத்து வைத்ததாயினும், உள்ளே வரும் உரிமை அதற்கில்லை. வெயிலில் காய்ந்தும், மழையில் நனைந்தும், தெருநாய் கவ்விச் சென்றும் கெட்டொழிவதே அதன் தலைவிதி. ஒருவனை இழிவுபடுத்த எண்ணினால் நம்மவர் நாவில் முதலில் வருவதும் அதுவே. "செருப்பால் அடிப்பேன்" என்னும் பேச்சில் அடியைவிடச் செருப்பே அதிகம் வலிக்கும். மத்தளமும் தோலால் ஆனதுதான். அதை மடியில் வைத்து வாசிப்பவரை வித்துவான் என்கிறோம். செருப்பை மடியில் வைத்துத் தைப்பவரை என்னவென்று அழைக்கிறோம் என்பதை இங்கு எழுத வேண்டுவதில்லை.

இத்தனைக்கும் நம் புராணங்கள் செருப்புக்குப் பெருமை தராமலில்லை. பரதன் அண்ணனுடைய பாதுகையை அரியணையில் ஏற்றி, அதன் பேரால் 14 ஆண்டுகள் ஆட்சி நடத்தினான் என்கிறார்கள். கண்ணப்பர் செருப்புக் காலையே இறைவன் கண்மீது ஊன்றினார் என்று சொல்லி உருகுகிறார்கள். கதையில் வரும் செருப்புக்குப் பூசை. தெருவில் வரும் செருப்புக்குத் தடை! தாய்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் மேல்சாதியார் தெருவில் செருப்பணிந்து நடக்கக் கூடாதென்று தடுக்கப்பட்ட செய்திகளை இக்காலத்தும் பத்திரிகைகளில் படித்து வருந்துகிறோம். 1944-ஆம் ஆண்டில் கடலூரில் பெரியார் ஈ. வெ. ரா. மீது எவனோ ஒருவன் ஒற்றைச் செருப்பை வீசினான் என்றும், அவர் வண்டியைத் திருப்பச் சொல்லி மற்றொன்றையும் தேடி எடுத்து வந்தார் என்றும் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒற்றைச் செருப்பால் எறிந்தவனுக்கும் பயனில்லை, எடுத்தவருக்கும் பயனில்லை. அவ்வளவே அவர் கண்டது. செருப்பை வெறும் செருப்பாகவே பார்க்கும் அந்தத் தெளிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

நிற்க. காலில் அணிவதற்கே கைத்திறன் முழுவதையும் செலவிட்ட மக்களும் இவ்வட்டாரத்தில் இருக்கிறார்கள். மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய மூன்று ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் பாபா சீனர் குடும்பங்களைப் பற்றியே சொல்லுகிறோம். அவர்களுடைய பெண்மக்களாகிய நியோன்யாக்கள் தைத்த மணிச்செருப்புக்குக் 'காசுட் மானிக்' என்று மலாய் மொழியில் பெயர். மானிக் என்பது மணியே என்று சொல்லாமலே தமிழர் காதுக்கு விளங்கும். மணமாக வேண்டிய பெண் தனக்கும், வரப்போகும் கணவனுக்கும், மாமியாருக்கும் தன் கையாலேயே செருப்பு முகப்புத் தைத்துத் தருவது அவர்கள் குடும்பங்களில் பழைய வழக்கம். பெண்ணின் பொறுமையும் கண்ணின் கூர்மையும் அந்த முகப்பில் தெரிந்துவிடும். மாமியாரின் கால் அளவு தெரிந்துகொண்டு மணவாழ்வைத் தொடங்குவது ஒருவகையில் நல்ல யோசனையே. அந்தப் பொறுமையை ஆண்பிள்ளையிடமும் சோதித்திருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும் என்பது நம் கருத்து.

அவர்கள் தைக்கும் முறை வருமாறு. 'பிடாங்கான்' என்னும் மரச்சட்டத்தில் கட்டங்கட்டமாக நெய்த கெட்டித் துணியை முரசுத் தோல்போல் இறுக்கிக் கட்டுவர். கட்டத்துக்கு ஒரு மணியாக, வரிசை வரிசையாக, ஒவ்வொரு மணியையும் தனித்தனியே ஊசியில் கோத்துத் தைப்பர். ரோஜா, கிளி, மீன், வண்ணத்துப்பூச்சி முதலிய உருவங்கள் இவ்வாறு எழும். மணிகள் ஐரோப்பாவிலிருந்து, முக்கியமாகப் போஹிமியாவிலிருந்து, கப்பலேறி வந்தவை. பட்டை தீட்டிய பழைய மணிகள் விளக்கொளியில் மின்னுவதை அருங்காட்சியகங்களில் இன்றும் காணலாம். துக்கம் காக்கும் காலத்துக்கு நீலம், வெள்ளை, கறுப்பு ஆகிய மணிகளால் தனிச் செருப்பும் உண்டு. முகப்பு முடிந்தபின் அதைச் செருப்புக் கடையில் கொடுத்து அடி சேர்ப்பர். மலாக்காவில் ஜோங்கர் தெருப் பக்கம் போகிறவர் இன்றும் மணிச்செருப்பை விலைக்கு வாங்கலாம். கையால் நுணுக்கமாகத் தைத்ததானால் விலை நூற்றுக்கணக்கான வெள்ளிகளில்தான் தொடங்கும்.

அதே மலாக்காவில் காஜா பேராங் பக்கம் வாழும் சிட்டி மக்கள் நம்மவரே. பல நூற்றாண்டுகளுக்கு முன் வணிகத்துக்காக வந்து, இந்நாட்டுப் பெண்களை மணந்து, தமிழ்ப் பேச்சை இழந்து, கோயிலை மட்டும் இழக்காதவர்கள். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையதே. அவர்கள் வீட்டுப் பெண்கள் கெபாயா உடுத்தி, மணிச்செருப்பணிந்து, பொங்கலும் வைக்கிறார்கள். ஆகவே இந்த மணித்தையல் தமிழருக்கு முற்றும் அந்நியமன்று. தமிழகத்திலே ஊசிப்பாசி கோத்து விற்றுப் பிழைக்கும் நரிக்குறவ மக்களை நம்மவர் எந்த இடத்தில் நிறுத்தி வைத்தனர் என்று எண்ணும்போதுதான் மனம் குன்றுகிறது. செருப்பும் தாழ்வு, பாசியும் தாழ்வு. இரண்டையும் சேர்த்துத் தைப்பவன் கதி என்னாவது?

அந்தக் கதியை நாமே மேற்கொண்டோம் என்பதைச் சொல்லவே இவ்வளவும் எழுதினோம்.

நம் அன்னையார் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். முதற் பன்னிரண்டு ஆண்டுகள் வெறுங்காலோடுதான் மரத்துக்கு மரம் நடந்தார். வெறுங்கால் என்பது அந்நாளில் சிக்கனம் என்று எண்ணப்பட்டது. அது நோய்க்குத் திறந்து வைத்த வாயில். கொக்கிப்புழு ஈரமண்ணிலிருந்து உள்ளங்காலின் தோலைத் துளைத்து உடம்பில் புகுகிறது என்பதை 1898-இல் எகிப்தில் இருந்த லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தார். அமெரிக்க ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய குழுவொன்று 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பீஜி ஆகிய இடங்களுக்கு வந்து இந்நோயை ஆராய்ந்தது. புழு குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். ஆள் வெளுத்துச் சோர்வான். சோர்ந்தவனைச் சோம்பேறி என்று கங்காணி ஏசுவான். காலில் ஒரு சோடி மிதியடி இருந்திருந்தால் இவற்றுள் பாதி நேர்ந்திரா.

மிதியடி வாங்கக் காசு கிடைத்தாலும் அணிய மனம் துணிய வேண்டுமே! அன்னையாரின் தகப்பனார் ஒருமுறை டவுனில் ஒரு சோடிச் சப்பாத்து வாங்கினாராம். (சப்பாத்து என்னும் சொல்லே 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியரின் மொழியிலிருந்து வந்தது. சொல் எல்லார் வாயிலும் புகுந்துவிட்டது. பொருள்தான் எல்லார் காலிலும் ஏறவில்லை.) தோட்டத்துத் துரையின் பங்களாவும் ஆபீசும் இருக்கும் பாதைக்கு வந்ததும் பாட்டனார் அவற்றைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, குடையையும் மடக்கிக்கொண்டு நடப்பாராம். தாண்டிப் போனபின் மறுபடியும் அணிந்துகொள்வாராம். யாரும் அடித்துச் சொல்லித் தந்ததில்லை; காலே கற்றுக்கொண்டது. இது நம் வீட்டுக் கதை மட்டுமன்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று, வழியில் துரையையோ கிராணியையோ கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. அதற்குக் கிடைத்த பதில் பட்டாளமும் துப்பாக்கியும். தலைவர் ஆர். எச். நாதன் சிறைப்பட்டு நாடுகடத்தப்பட்டார். தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். மிதிவண்டியிலிருந்து இறங்குவதும் சப்பாத்தைக் கழற்றுவதும் ஒரே மரத்துக் கிளைகள் அல்லவா?

தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிவந்தபின் அன்னையாருக்கு ஒரு சோடிக் கருநீலச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தோம். கெட்டித் துணியால் ஆனது, நாடாவில்லாமல் காலை நுழைத்துக்கொள்ளலாம், அடி இரப்பர். முப்பது ஆண்டுகள் தாம் வெட்டிய பால் கடைசியில் தம் காலுக்கடியில் வந்து சேர்ந்ததென்று ஒருமுறை அவரே சொல்லிச் சிரித்தார். ஆறு ஆண்டுகள் அதை அணிந்தார். பெருவிரலின்மேல் துணி நைந்து நூல் தெரியலாயிற்று, நிறம் சாம்பலாயிற்று. புதிது வாங்கித் தருகிறோம் என்றால் கேட்கவில்லை. "என் காலை அறிந்த சப்பாத்து" என்பதே அவர் பதில். வெடிப்பும் காய்ப்பும் கொண்ட அந்தக் கால்களுக்குப் புதுச் சப்பாத்துப் பழக எத்தனை மாதம் ஆகும் என்பது அவருக்கன்றோ தெரியும்! அடி நன்றாயிருந்தது, மேல்தான் கெட்டது. குடும்பத்தில் ஒரு திருமணம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நம் மகள் மலாக்காவில் பார்த்துவந்த மணிச்செருப்பைப் பற்றிச் சொன்னாள். நைந்த இடத்தை மணியால் மூடிவிடலாமே என்று தோன்றியது.

என்ன உருவம் தைப்பது என்று கேட்டோம். ரோஜா வேண்டாம் என்றார் அன்னையார்; மயிலும் வேண்டாம். "கித்தா இலை தைக்க முடியுமா?" என்றார். இரப்பர் மரத்தின் இலை ஒரு காம்பில் மூன்றாக வருவது, வரைவதற்கு எளிது. நிறத்தில்தான் நெடுநேரம் நின்றார். பழுத்துச் சிவந்த இலை அழகுதான். ஆனால் இலை உதிருங்காலத்தில் பால் குறையும், பால் குறைந்தால் கூலி குறையும், கடைக்காரனிடம் கடன் ஏறும். அந்தச் சிவப்பை நாம் அழகு என்று பார்க்கிறோம். அவர் அதைக் கடன் கணக்காகப் பார்க்கிறார். கடைசியில் உதிர்வுக்குப்பின் புதிதாகத் துளிர்க்கும் செம்பு நிறத் தளிரையே கேட்டார். செம்பு நிற மணி, ஓரத்துக்குப் பச்சை, நரம்புக்கு வெள்ளை என்று முடிவாயிற்று.

வேலையைத் தொடங்கிய முதல் நாளே ஒரு தடை. சப்பாத்தைக் கழுவி, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு நாம் ஊசி கோத்தபோது அன்னையார் பதறிப்போனார். "செருப்பை மடியில் வைக்காதே ஐயா, கீழே வைத்துச் செய்" என்றார். கீழே வைத்தால் குனிய வேண்டும், கழுத்து வலிக்கும் என்றோம். "அப்படியானால் வேண்டாம், விட்டுவிடு" என்றார். அவர் அஞ்சியது அழுக்குக்கு அன்று. தம் காலில் கிடந்தது மகன் மடிக்கு ஏறுவதற்கு. இப்பிள்ளையைச் சுமந்து பெற்று, அதிகாலைப் பிரட்டுக்குப் போகுமுன் அதன் கழிவைக் கழுவிய கைக்கு அந்தக் கூச்சம் ஏன் வர வேண்டும்? இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. மகள்தான் பாட்டியின் பக்கத்தில் சப்பாத்தின் மற்றொன்றை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பேத்தியைக் கடிய அவருக்கு வாய் வராது.

தைக்கும் வகையைச் சிறிது விரித்துச் சொல்லுகிறோம். செய்து பார்க்க விரும்புவோருக்குப் பயன்படும். ஊசிப்பாசிக்கு எண் உண்டு. எண் கூடக்கூட மணி சிறுக்கும். 11-ஆம் எண் மணி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அளவு. 15-ஆம் எண் அதனினும் சிறிது. முதுமைக் கண்ணும் பழகாத கையும் உள்ள வீட்டுக்கு 11 போதும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்துக்கு ஐந்தாக 25 மணி பிடிக்கும் என்று கணக்கிட்டுக்கொண்டால் எத்தனை வாங்குவதென்று தெரியும். நம்முடைய மூவிலைக்குக் காலுக்கு 24 சதுர சென்டிமீட்டர் இடம். ஆக 600 மணி. இரு காலுக்கும் 1,200. உடைவதற்கும் கட்டிலுக்கடியில் உருண்டோடுவதற்கும் கூட ஒரு நூறு. மணிக்கு நூறு மணி தைத்தால் அதிகம். (இரண்டு மணியையும் ஒரே சொல்லால் குறித்த முன்னோர் இந்த வேலையைச் செய்து பார்த்திருப்பர் போலும்.)

நியோன்யாக்கள் சட்டத்தில் தைத்துப் பின் செருப்பில் ஏற்றுவர். பழஞ்செருப்பில் நேரே தைப்பதற்கு வேறு வழி. முதலில் நைந்த துணியின் உட்புறம் புதிய கெட்டித் துணித் துண்டொன்றை வைத்துத் தைத்துவிட வேண்டும். இல்லையேல் மணியின் பாரம் நைந்த நூலை அறுத்துவிடும். பிறகு சுண்ணக்கட்டியால் உருவத்தை வரைந்துகொள்ளலாம். ஊசி மணியின் துளையில் நூலோடு இருமுறை நுழையும் அளவு மெல்லியதாயிருக்க வேண்டும். நூலுக்குத் தேன்மெழுகு தடவினால் முறுக்கேறாது. மூன்று மணியைக் கோத்து இறக்கி, பின்வாங்கிக் கடைசி மணி வழியாக மறுபடி ஊசியைச் செலுத்தி, மேலும் மூன்று கோப்பது. இப்படிச் செய்தால் வரிசை வளையாது. ஒரு விரற்கடைக்கு ஒருமுறை உட்புறம் முடிச்சிட்டால், எங்கேனும் நூல் அறுந்தாலும் எல்லாம் கொட்டாது. கால்விரல் நுனிப் பக்கம் கை நுழையாது. நேர் ஊசி அங்கே பயனற்றது. வளைந்த ஊசி வேண்டும். நடக்கும்போது சப்பாத்து மடியும் கோடொன்று உண்டு. அந்தக் கோட்டில் மணி தைப்பது வீண். கண்ணாடி மணி ஒன்றோடொன்று நெரிந்து உடையும், உடைந்த விளிம்பு நூலையும் அறுக்கும். ஒரு கால் மற்றொரு காலில் உரசும் உட்பக்கமும் அவ்வாறே. முடிவில் உட்புறத்து முடிச்சுகளின்மேல் பழைய வேட்டித் துணியொன்றை ஒட்டித் தைத்தோம். இல்லாவிடில் அத்தனை முடிச்சும் விரலில் உறுத்தும்.

பசையால் ஒட்டிவிடலாமே என்று கடைக்காரர் ஒருவர் யோசனை சொன்னார். நம் நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் அந்தப் பசை எத்தனை நாள் தாங்கும்? ஒட்டினது உதிரும், தைத்தது இருக்கும். அவசரக்காரருக்கு நாம் சொல்லுவது வேறொன்றுமில்லை, மணி வேலையைத் தொடாதிருக்கவும் என்பதே.

மூன்று வாரம் மாலைதோறும் வேலை நடந்தது. ஒரு நாள் வந்திருந்த உறவினர் ஒருவர், படித்தவர், பதவியில் இருந்தவர், நம்மையும் மடியில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்தத் தொழிலுக்கும் வந்துவிட்டீர்களா?" என்றார். நகைச்சுவை என்று அவர் எண்ணினார். அந்தத் தொழிலின் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அந்தப் பெயர் நம் எல்லார் வீட்டுச் சுவருக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. கப்பலேறிக் கடல் கடந்து வந்தும், லயத்தில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தும், அது மட்டும் கரையேறி வந்துவிட்டது. நாம் மறுமொழி சொல்லுமுன் அன்னையார் சொன்னார்: "உன் காலில் கிடப்பதை எவனோ ஒருவன் தைத்ததால்தான் நீ படியேறி வந்தாய். இவனாவது தன் தாய்க்குத் தைக்கிறான்." அன்று முதல் சப்பாத்தை மடியில் வைப்பதைப் பற்றி அவர் பேசவில்லை.

அடி விளிம்பில் ஓரிடம் பிரிந்திருந்தது. இரப்பரைத் துளைத்துத் தைக்கும் வலிமை நம் ஊசிக்கில்லை. ஆகையால் டவுனில் அஞ்சடியில் பெட்டி வைத்து உட்கார்ந்திருக்கும் முதியவரிடம் கொண்டுபோனோம். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மணித்தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு உட்பக்கத்தைப் புரட்டி முடிச்சுகளைப் பார்த்தார். வெளிப்பக்கத்தைப் புகழ்பவர் பலர். உட்பக்கத்தைப் பார்ப்பவரே தொழிலாளி. "முடிச்சு நெருக்கமாக இருக்கிறது, நிற்கும்" என்று மட்டும் சொன்னார். பத்து நிமிடத்தில் விளிம்பைத் தைத்துக் கொடுத்துக் கூலியாக ஆறு வெள்ளி கேட்டார். நாம் மூன்று வாரம் செய்ததைவிட அந்தப் பத்து நிமிடத்தில் நேர்த்தி அதிகம் இருந்தது.

திருமணம் மண்டபமொன்றில், புரோகிதரில்லாமல், மாலை மாற்றி உறுதிமொழி சொல்லும் முறையில் நடந்தது. செருப்பைக் கழற்ற வேண்டும் என்ற ஏற்பாடு அங்கில்லை. அன்னையார் வீட்டிலிருந்து பழைய இரப்பர்ச் செருப்போடு கிளம்பினார். மணிச்சப்பாத்து ஒரு துணிப்பையில், கையில். நாம் திடுக்கிட்டோம். பாட்டனார் பங்களாப் பாதையில் நடந்த கோலம் கண்முன் வந்தது. ஏன் கையில் கொண்டு வருகிறீர்கள் என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டோம். "வழியெல்லாம் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது, மணி கெட்டுப்போகும்" என்றார். அதுவும் உண்மைதான், முந்திய இரவு நல்ல மழை. மண்டபத்துக்குள் போய், நாற்காலியில் உட்கார்ந்து, எல்லார் முன்னிலையிலும் பொறுமையாகச் சப்பாத்தை மாற்றிக்கொண்டார். வாழ்த்துச் சொல்ல மேடையேறியபோது சேலைக் கொசுவத்தை ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்துக்கொண்டார். படி தடுக்காமலிருக்க என்று கேட்டவர்களுக்குச் சொன்னார். மேடையிலிருந்து இறங்கும்போது படியில்லாத இடத்திலும் அது தூக்கியபடியே இருந்தது.

இப்போது வலக்கால் தளிரின் ஓரத்தில் ஏழு பச்சை மணிகள் போயிருக்கின்றன. முன்பு வாங்கிய பச்சையே கடையில் அகப்படவில்லை; சற்று மங்கலான பச்சைதான் கிடைத்தது. அதையே தைக்கச் சொல்லிவிட்டார் அன்னையார். ஒரே மரத்தில் எல்லா இலையும் ஒரே பச்சையாக எப்போது இருந்தன என்று கேட்கிறார். நூல் மெழுகிட்டு வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை உட்கார வேண்டும்.